குறைந்த விலையில் அகலக் கோண லென்ஸ்: உங்களுக்குத் தேவையா? எதைப் பார்த்து வாங்குவது?

மூவறை வீட்டு வரவேற்பறை. தீபாவளிக்கு வந்த உறவினர் 14 பேர். நீங்கள் கேமராவோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு ஓரத்தில் சித்தப்பாவும் மறு ஓரத்தில் சின்னப் பாட்டியும் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பின்னால் போக இடமே இல்லை.

இந்தச் சிக்கல் பழகியதாக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

'வைட் ஏங்கிள்' என்று நாம் பேச்சில் சொல்லும் அகலக் கோண லென்ஸ் ஒரு காலத்தில் தொழில்முறைப் படக்காரர்களின் பையில் மட்டும் இருந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. கேனன் 2014இல் வெளியிட்ட 10-18 மில்லிமீட்டர் லென்ஸின் அறிமுக விலை ஏறக்குறைய 300 அமெரிக்க டாலர். அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த விலைக்கு இறங்கி வந்தன. இன்று பழைய லென்ஸ் சந்தையில் இன்னும் குறைவாகக் கிடைக்கும்.

ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிட வேண்டுமா? அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் 'அகலம்'?

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் அதன் குவியத் தூரம். எண் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் கோணம் விரியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. உங்கள் கேமராவின் சென்சர் எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம்.

புதிதாகப் படம் பிடிப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 'ஏபிஎஸ்-சி' அளவு சென்சர் கொண்ட கேமரா. நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் என்றால் லென்ஸ் எண்ணை 1.5ஆல் பெருக்குங்கள். கேனன் என்றால் 1.6. வரும் விடைதான் முழு அளவு சென்சருக்கு, அதாவது 'ஃபுல் ஃபிரேம்' கேமராவுக்கு ஈடான குவியத் தூரம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸின் 18 மில்லிமீட்டர், இந்தக் கணக்கில் 27 அல்லது 29 ஆகிவிடும். இணையத்தில் யாரோ "16 மில்லிமீட்டர் அருமை" என்று சொல்வதைக் கேட்டு, ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 16 வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 24தான். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்.

சரி, வீட்டுக்குள் படம் எடுக்க எவ்வளவு வேண்டும்? இதற்குப் பள்ளிக் கணிதமே பதில் சொல்லும்.

ஓர் அறையின் மூலையில் நில்லுங்கள். இரண்டு பக்கச் சுவர்களும் படத்தில் தெரிய வேண்டுமானால் லென்ஸ் கிடைமட்டமாக 90 பாகை பார்க்க வேண்டும். முழு அளவு சென்சரின் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் சரியாக 90 பாகை தருவது 18 மில்லிமீட்டர் லென்ஸ். ஏபிஎஸ்-சி கேமராவில் அது 12 மில்லிமீட்டர், கேனனில் 11. அதனால்தான் மலிவு விலை லென்ஸ்களில் 10, 11, 12 என்ற எண்களை அடிக்கடி பார்க்கிறீர்கள். 18-55 லென்ஸ் அதே மூலையிலிருந்து ஏறக்குறைய 67 பாகைதான் பார்க்கும்.

தூரத்தை வைத்தும் சொல்லலாம். இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கும் குடும்பத்தை 18-55 லென்ஸால் எடுத்தால் படத்தில் அடங்குவது சுமார் 3.3 மீட்டர் அகலம். 16 மில்லிமீட்டருக்கு ஈடான லென்ஸ் என்றால் 5.6 மீட்டர். சித்தப்பாவும் சின்னப் பாட்டியும் உள்ளே வந்துவிட்டார்கள்.

காசு செலவழிக்கும் முன் கையில் இருப்பதைப் பாருங்கள்

உங்கள் கேமராவோடு வந்த லென்ஸ் 16-50 ஆக இருக்கலாம். சோனியும் நிக்கானின் சிறிய மிரர்லெஸ் கேமராக்களும் அப்படித்தான் வருகின்றன. ஃபியூஜிஃபிலிமின் 15-45 இன்னும் கொஞ்சம் அகலம். இவை ஏற்கெனவே 23, 24 மில்லிமீட்டருக்கு ஈடானவை. தெருக் காட்சிக்கும் பயணத்துக்கும் பெரும்பாலும் இதுவே போதும். முதலில் இதை முழுசாகப் பயன்படுத்திப் பாருங்கள்.

கைபேசியையும் மறந்துவிடாதீர்கள். ஆப்பிள் 2019இல் ஐஃபோன் 11இல் கொண்டுவந்த அகலக் கோணக் கேமரா 120 பாகை பார்க்கும். 13 மில்லிமீட்டருக்கு ஈடு. பகல் வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கும். இரவிலும் மங்கலான வீட்டு விளக்கிலும் படம் சொரசொரவென்று வருவதற்குக் காரணம், அந்தக் கேமராவுக்குப் பொதுவாகச் சிறிய சென்சரே கொடுக்கப்படுகிறது. கைபேசியின் மேல் 'கிளிப்' போட்டு மாட்டும் சின்ன லென்ஸ்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஓரங்கள் கலங்கிப்போய்விடும்.

இன்னொரு இலவச வழி, பல படங்களை ஒட்டுவது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும்படி வரிசையாக எடுங்கள். வெளிச்ச அளவை மாற்றாதீர்கள். பிறகு 'ஹூகின்' போன்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். கட்டடத்துக்கும் வானத்துக்கும் இது அருமை. ஆடும் குழந்தைகளுக்கு உதவாது. ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் நிற்கும்!

வாங்குவதென்றால் எதை?

கேனனின் பழைய வகை ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொன்ன 10-18 லென்ஸ் பாதுகாப்பான தேர்வு. 240 கிராம்தான். அதிர்வைக் குறைக்கும் வசதி உண்டு. பொருத்தும் வளையம் பிளாஸ்டிக். சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். இவ்வளவு லேசான லென்ஸுக்கு அது பெரிய விஷயமில்லை. அடாப்டர் போட்டால் கேனனின் புதிய மிரர்லெஸ் கேமராக்களிலும் வேலை செய்யும்.

நிக்கானில் அதற்கு இணையானது 2017இல் வந்த 10-20. இதில் ஓர் எச்சரிக்கை. டி90, டி7000, டி3200 போன்ற பழைய கேமராக்களில் இந்த லென்ஸ் ஃபோக்கஸ் ஆகாது. அப்பாவின் பழைய நிக்கானைக் கையில் எடுத்திருப்பவர்கள் கேமராவைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

முழு அளவு சென்சர் கொண்ட கேனன் மிரர்லெஸ் வைத்திருந்தால் 2021இல் வந்த 16 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸைப் பார்க்கலாம். எடை 165 கிராம். இது எப்படி மலிவானது என்பது சுவாரசியமான கதை. கோடுகள் வளையாமல் இருக்கக் கூடுதல் கண்ணாடிகள் வைப்பதற்குப் பதிலாக, வளைவை அப்படியே விட்டுவிட்டு, கேமராவே கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுகிறது. திருத்தாத மூலப் படத்தைத் திறந்தால் சுவர் பீப்பாய் மாதிரி உப்பியிருக்கும். திருத்திய படத்தில் மூலைகளின் கூர்மை கொஞ்சம் குறையும். அந்த விலைக்கு நியாயமான பேரம் என்றே சொல்லலாம்.

சோனி, ஃபியூஜிஃபிலிம் பக்கம் சம்யாங் 12 மில்லிமீட்டர் எஃப் 2 நீண்ட காலமாகப் பலரின் முதல் அகலக் கோண லென்ஸ். அதன் பழைய வகையில் தானியங்கி ஃபோக்கஸ் கிடையாது. கையால் திருக வேண்டும். பயந்துவிடாதீர்கள். இந்த ஒரு வகை லென்ஸில் மட்டும் அது சிரமமே இல்லை. 12 மில்லிமீட்டரில், துவாரத்தை எஃப் 8இல் வைத்து, ஃபோக்கஸை ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிறுத்திவிட்டால், அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம்.

எஃப் எண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எஃப் 2 லென்ஸ், எஃப் 4.5 லென்ஸைவிட ஏறக்குறைய 5 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதிர்வைக் குறைக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். ஓடும் தம்பியை நிறுத்தாது. இரவு நிகழ்ச்சிகள்தான் உங்கள் வேலை என்றால் எஃப் 2 அல்லது 2.8 தேடுங்கள். பகல், கட்டடம், பயணம் என்றால் எஃப் 4.5 தாராளம்.

முகம் ஏன் வீங்குகிறது?

அகலக் கோண லென்ஸ் வாங்கியவர்கள் முதல் வாரம் கேட்கும் கேள்வி இது. "அக்கா ஏன் இவ்வளவு குண்டாத் தெரியறாங்க?"

இதில் இரண்டு வேறு வேறு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தூரம். ஒருவரின் மூக்குக்கு 30 சென்டிமீட்டர் அருகே கேமராவை வைத்தால் அவர் காது சுமார் 42 சென்டிமீட்டரில் இருக்கும். காதைவிட மூக்கு 1.4 மடங்கு நெருக்கம். அதனால் மூக்கு பெரிதாகும். 2 மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 6 விழுக்காடுதான். இது லென்ஸின் குறை அல்ல. நீங்கள் நெருங்கிப் போனதன் விளைவு. எந்த லென்ஸாக இருந்தாலும் அவ்வளவு நெருங்கினால் அப்படித்தான்.

இன்னொன்று ஓரத்து இழுப்பு. வட்டமான உலகத்தைத் தட்டையான செவ்வகத்தில் விரிக்கும்போது, நேர்க்கோடுகளை நேராகவே வைத்தால் ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கமாக இழுபடும். நடுவிலிருந்து 45 பாகை தள்ளி இருக்கும் பந்து, முட்டை மாதிரி 40 விழுக்காடு நீண்டு தெரியும். பந்துக்குப் பதில் அத்தையின் முகம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தீர்வு சுலபம். குழுப் படத்தில் ஓரங்களில் ஆளை நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் காலி இடம் விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதைவிட, முன்னால் சிலரை உட்கார வைத்து இரண்டு மூன்று வரிசையாக்குங்கள். 10 மில்லிமீட்டரில் எடுக்க வேண்டிய படம் 14இல் அடங்கிவிடும். ஓரத்தில் யாராவது நின்றே ஆக வேண்டும் என்றால் ஒல்லியான தம்பிமார்களை அங்கே அனுப்புங்கள். அத்தைமார்கள் நடுவில்.

வீட்டு விளம்பரப் படங்களைப் பார்க்கும்போது

இதே இழுப்பு உங்கள் பணத்தோடும் சம்பந்தப்பட்டது. வாடகைக்கு அறை தேடுகிறீர்களா? மறுவிற்பனை வீவக வீடு பார்க்கிறீர்களா? இணைய விளம்பரங்களில் அறைகள் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸால்தான் எடுக்கப்படுகின்றன. அதில் தவறில்லை. சின்ன அறையை முழுசாகக் காட்ட வேறு வழியும் கிடையாது. ஆனால் அந்த லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, எதிர்ச்சுவரைத் தூரத்துக்குத் தள்ளிவிடும். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகூட நடன அரங்கம் மாதிரி தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தின் ஓரங்களைப் பாருங்கள். வட்டமான விளக்கு முட்டை வடிவில் இருக்கிறதா? சதுர மேசை சாய்சதுரமாக நீண்டிருக்கிறதா? வாசற்படியிலிருந்தே மூன்று சுவர்களும் தெரிகின்றனவா? அப்படியானால் அளவை நம்பாதீர்கள். தரையில் உள்ள ஓடுகளை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டின் அளவு தெரிந்தால் அறையின் நீளம் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், சதுர மீட்டர் கணக்கைக் கேளுங்கள். மூவறை வீடு பொதுவாக 60 முதல் 65 சதுர மீட்டர், நாலறை வீடு சுமார் 90 சதுர மீட்டர். எண்ணை லென்ஸால் இழுக்க முடியாது.

வீடு கைமாறும் முன்

அகலக் கோண லென்ஸின் மிக நல்ல பயன் எது என்று கேட்டால், மரினா பே கட்டடங்களைச் சொல்ல மாட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் பழைய வீட்டைச் சொல்வேன்.

டாங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 31 புளோக்குகள் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த பலரும் புது வீடுகளுக்கு மாறினார்கள். உங்கள் தாத்தா பாட்டியின் வீடும் ஒருநாள் விற்கப்படலாம், அல்லது புதுப்பிக்கப்படலாம். குடும்ப ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். பிறந்தநாள் கேக், கல்யாணப் புடவை, சிரிக்கும் முகம் எல்லாம் இருக்கும். சமையலறை முழுசாக ஒரு படத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. யாரும் சமையலறையைப் படம் எடுப்பதில்லை. எடுக்க நினைத்தாலும் லென்ஸில் அடங்கியிருக்காது.

ஒரு பகல் நேரம் ஒதுக்குங்கள். வீட்டை ஒழுங்குபடுத்தாதீர்கள். மாவாட்டும் கிரைண்டரும் நாள்காட்டியும் சாமி மேடையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கேமராவை முக்காலியில் மார்பு உயரத்துக்கும் கொஞ்சம் கீழே வைத்து, மேலும் கீழும் சாயாமல் நேராகப் பிடியுங்கள். துவாரம் எஃப் 8. ஒவ்வோர் அறைக்கும் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு படம். சன்னல் மிகப் பிரகாசமாக இருந்தால் திரைச்சீலையை மூடுங்கள், அல்லது வெளியே வெயில் தணியும்வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வெளியே இருக்கும் பொது நடைபாதையையும் எடுங்கள். செடித்தொட்டி, செருப்பு அடுக்கு, இரும்புக் கதவு. பாட்டி அங்கேதான் மாலையில் உட்காருவார் என்றால், அவர் உட்கார்ந்திருக்கும்போதே எடுங்கள். படத்தின் நடுவில் அவர் இருக்கட்டும்.

கோபுரம் ஏன் சாய்கிறது?

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் விழுவது போலத் தெரியும். 50 மாடி பினக்கிள் டக்ஸ்டன் புளோக்குகளை எடுத்தால் அவை மேலே போகப் போக ஒன்றோடு ஒன்று சாயும். கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதுதான் காரணம்.

கேமராவை நேராகவே வைத்து, செங்குத்தாகத் திருப்பி, கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள். படத்தின் கீழ்ப் பாதியில் சாலைதான் இருக்கும். அதை வெட்டிவிடலாம். கோபுரம் நிமிர்ந்து நிற்கும். அகலக் கோண லென்ஸ் இதற்கு உதவுவது, உயரத்தை அடக்க அதிகம் பின்னால் போக வேண்டியதில்லை என்பதால்.

சிராங்கூன் ரோடு தீபாவளி ஒளியூட்டுக்கும் இதே முறைதான். வெறும் விளக்கு வளைவை மட்டும் எடுத்தால் அகலக் கோணப் படம் வெறுமையாக இருக்கும். எல்லாமே சின்னதாகிவிடும். முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும். பூக்கடை மாலை, நடந்து போகும் குடும்பம், மழைத் தண்ணீரில் விளக்கின் பிம்பம். ஒரு மீட்டருக்குள் ஒரு பொருள், பின்னால் விளக்கு. அவ்வளவுதான்.

தைப்பூசத்தில் ஒரு படி தள்ளி

இந்த லென்ஸின் தன்மையே உங்களை நெருங்கிப் போகச் சொல்வது. தைப்பூச ஊர்வலத்தில் அது சிக்கலாகிவிடும். சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுத்து நடப்பவருக்கு அது வேண்டுதல். உங்களுக்குத்தான் அது காட்சி. 10 மில்லிமீட்டரில் அவர் முகம் நிறைய வேண்டுமானால் அவர் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். காவடியின் வளைவுகளும் உங்கள் கேமரா மேல் படும்.

அங்கே இந்த லென்ஸை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். காவடி எடுப்பவரை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பவர்களை எடுங்கள். தண்ணீர்ப் பந்தல், பால்குடம் தூக்கிய அம்மாமார்கள், காலைப் பிடித்துவிடும் நண்பர்கள். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்ட வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

பெனின்சுலா பிளாசா வட்டாரக் கடைகளிலும் இணையச் சந்தையிலும் பழைய லென்ஸ்கள் நிறைய உண்டு. வாங்குமுன் கைபேசி விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம்மூர் ஈரப்பதத்தில் இது சாதாரணம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சில தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அடுத்து, ஓடு பதித்த ஒரு சுவரை நேராக நின்று, துவாரத்தை முழுசாகத் திறந்து எடுங்கள். புளோக்கின் கீழ்த்தளச் சுவரே போதும். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது மலிவு லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கலங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

கடையில் வாங்குவதற்கும் தனிநபரிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, 'லெமன் லா' என்று அழைக்கப்படும் விதிகளின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் அது வாங்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் அதன் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்குகிறீர்கள் என்றால் சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்குவோர் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விமானம் அல்லது தபால்வழி வரும் $400க்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே சேர்த்துவிடும்.

வாங்கிய பிறகு பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே இருக்கட்டும். மழையில் நனைந்த கேமராப் பையோடு சேர்த்து அலமாரியில் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.